பொருந்தாத நாடுகள்: ஒப்பியல் அரசியலின் வரலாறு – 9

இத்தொடரின் சென்ற பகுதி, ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வெளியிட்ட தருக்க நூலில் வகுத்த ஒப்பீட்டு முறைகளோடு நின்றது. அவற்றுள் அரசியலை ஆராய்வோர் பெரிதும் எடுத்தாள்பவை இரண்டு. ஒரே விளைவு தோன்றிய பல நேர்வுகளைத் திரட்டி, அவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒற்றைக் காரணியைத் தேடுவது ஒற்றுமை முறை. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒத்திருந்து ஒரு விளைவில் மட்டும் வேறுபடும் இரண்டு நேர்வுகளை அருகருகே நிறுத்தி, அவற்றைப் பிரிக்கும் காரணியைக் கண்டறிவது வேற்றுமை முறை. இவற்றை வகுத்த மில்லே, அரசியல் ஆய்வுக்கு இவை நேராகப் பயன்படா என்று அதே நூலின் ஆறாம் பாகத்தில் எச்சரித்திருந்தார் என்பது பலரும் மறந்துவிடும் செய்தி. காப்புவரி ஒரு நாட்டைச் செழிக்கச் செய்யுமா என்று அறிய வேண்டுமானால், வரிக்கொள்கையில் மட்டும் வேறுபட்டு மற்ற யாவற்றிலும் ஒத்த இரண்டு நாடுகள் கிடைக்க வேண்டும். மற்ற யாவற்றிலும் அவ்வளவு ஒத்திருக்கும் நாடுகள் வரிக்கொள்கையிலும் ஒத்தே இருந்திருக்கும் என்பது அவர் வாதம். கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் 1823 முதல் 1858 வரை பணியாற்றி, தாம் ஒருமுறையும் கால்வைக்காத இந்தியாவின் நிர்வாகத்துக்கான கடிதங்களை வரைந்துவந்த ஒருவரிடமிருந்து வந்த எச்சரிக்கை என்பதால், அதற்குக் கூடுதல் எடை உண்டு.

அந்த எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டே ஒப்பிடத் துணிந்த இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர்கள், தம் கோட்பாட்டுக்குப் பொருந்தாத நாடு ஒன்று எதிரில் வந்து நின்றபோது என்ன செய்தார்கள் என்பதே இப்பகுதியின் பொருள். பொதுவிதி எதிர்பார்க்கும் விளைவுக்கு மாறான விளைவைக் காட்டும் இத்தகைய நாட்டை இத்துறை ‘விலகல் நேர்வு’ என்று அழைக்கிறது. ஒப்பியல் அரசியல் என்னும் துறை வளர்ந்த கதையை, வென்ற கோட்பாடுகளின் வரிசையாகச் சொல்வதைவிட, இந்த விலகல் நேர்வுகளுக்குக் கிடைத்த மரியாதையின் கதையாகச் சொல்வதே உண்மைக்கு நெருக்கமானது.

1950கள் வரை இத்துறையின் பாடநூல்கள் பெரும்பாலும் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, சோவியத் ஒன்றியம் ஆகிய சில நாடுகளின் அரசியலமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக விவரித்துவிட்டு, ஒப்பிட வேண்டிய இடத்தில் முடிந்துவிடுவனவாக இருந்தன. 1952 கோடையில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கூடிய கருத்தரங்கில் இளம் ஆய்வாளர் சிலர் இந்தப் போக்கை எதிர்த்தனர். அவர்களுள் ஒருவரான ராய் மாக்ரிடிஸ் 1955இல் எழுதிய சிறு நூலில், நடப்பில் உள்ள ஒப்பாய்வு சட்ட வாசகங்களோடு நின்றுவிடுகிறது, மேற்கு ஐரோப்பாவைத் தாண்டுவதில்லை, உண்மையில் ஒப்பிடுவதே இல்லை என்று குற்றம்சாட்டினார். 1954இல் அமெரிக்கச் சமூக அறிவியல் ஆய்வுக் கழகம் ஒப்பியல் அரசியலுக்கென ஒரு குழுவை அமைத்தது. அதன் முதல் தலைவர் கேப்ரியல் ஆல்மண்ட்.

ஆல்மண்ட் 1956இல் வெளியிட்ட கட்டுரை, உலகின் அரசியல் அமைப்புகளை நான்கு வகைகளில் அடக்கியது: ஆங்கிலோ-அமெரிக்க வகை, ஐரோப்பியக் கண்ட வகை, தொழில்மயமாகாத அல்லது பாதியளவே தொழில்மயமான வகை, சர்வாதிகார வகை. முதல் இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை அவர் அரசியல் பண்பாட்டில், அதாவது மக்கள் அரசியலைப் பற்றிக் கொண்டிருக்கும் மனப்போக்குகளின் தொகுப்பில், கண்டார். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒருவரே பல அமைப்புகளைச் சேர்ந்தவராக இருப்பதால் எதிரெதிர் இழுப்புகளுக்கு உள்ளாகி மிதமானவராகிறார், அதனால் ஜனநாயகம் நிலைக்கிறது. பிரான்ஸிலும் இத்தாலியிலும் கத்தோலிக்கர், சோசலிஸ்டுகள், தாராளவாதிகள் எனத் தனித்தனி உட்பண்பாடுகளாக மக்கள் பிளவுண்டிருப்பதால் ஜனநாயகம் ஆட்டம் காண்கிறது என்பது விளக்கம். 1946 முதல் 1958 வரை நீடித்த பிரான்ஸின் நான்காம் குடியரசில் 20க்கும் மேற்பட்ட அமைச்சரவைகள் மாறியதை நினைத்துப் பார்த்தால், அந்த விளக்கம் அன்று எவ்வளவு கைக்குக் கிட்டியதாகத் தோன்றியிருக்கும் என்பது புரியும். ஆனால் ஸ்காண்டிநேவிய நாடுகளும், நெதர்லாந்தும் பெல்ஜியமும் இரண்டு வகைகளின் கூறுகளையும் கலந்து கொண்டவை என்று சொல்லி, அவற்றை ஆல்மண்ட் ஓரத்தில் வைத்துவிட்டார். ஆசியாவும் ஆப்பிரிக்காவும் ஏறத்தாழ முழுமையாக மூன்றாம் பெட்டிக்குள் போயின.

அந்த ஓரத்து நாடுகளில் ஒன்றான நெதர்லாந்தில் பிறந்தவர் ஆரெண்ட் லைப்ஹார்ட். அவருடைய தாய்நாட்டில் பிளவுகள் பிரான்ஸைவிட ஆழமானவை. கத்தோலிக்கர், கால்வினிய புராட்டஸ்டண்டுகள், சோசலிஸ்டுகள், தாராளவாதிகள் ஆகிய ஒவ்வொரு பிரிவையும் டச்சு மக்கள் ‘தூண்’ என்றே குறித்தனர். ஒவ்வொரு தூணுக்கும் தனிக் கட்சி, தனித் தொழிற்சங்கம், தனிச் செய்தித்தாள், தனி வானொலிச் சங்கம் இருந்தன. ஒரு கத்தோலிக்கக் குழந்தை கத்தோலிக்கப் பள்ளியில் படித்து, வளர்ந்ததும் கத்தோலிக்கத் தொழிற்சங்கத்தில் சேர்ந்து, கத்தோலிக்க வானொலியைக் கேட்டு, கத்தோலிக்க மக்கள் கட்சிக்கு வாக்களித்து, வேறு தூணைச் சேர்ந்த ஒருவரோடு நெருங்கிப் பழகாமலே வாழ்நாளைக் கழித்துவிட முடிந்தது. 1954இல் டச்சு ஆயர்கள் வெளியிட்ட மடல், கத்தோலிக்கர் சோசலிசத் தொழிற்சங்கத்தில் உறுப்பினராவதையும், சோசலிச வானொலியை வழக்கமாகக் கேட்பதையும், சோசலிச ஏடுகளைப் படிப்பதையும் தடுத்தது. அந்த ஆண்டில் நெதர்லாந்தின் பிரதமராக இருந்தவரோ சோசலிஸ்டான வில்லெம் டிரேஸ். அவருடைய அமைச்சரவையில் கத்தோலிக்கக் கட்சி அமைச்சர்கள் அமர்ந்திருந்தனர். 1948இல் அவர் தலைமையில் அமைந்த அந்தக் கூட்டு 1958 வரை நீடித்தது. வானொலியில் ஒருவர் குரலை மற்றவர் கேட்கக்கூடாது என்றிருந்த இரு பிரிவுகளின் தலைவர்கள் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து பத்தாண்டுகள் நாட்டை ஆண்டனர் என்னும் இந்த ஒரு காட்சியை ஆல்மண்டின் வகைப்பாட்டால் விளக்க முடியவில்லை.

லைப்ஹார்ட் 1968இல் வெளியிட்ட நூல் அதற்கு விளக்கம் தேடியது. மக்கள் பிளவுண்டு கிடந்தாலும், அந்தப் பிளவின் ஆபத்தை உணர்ந்த தலைவர்கள் மேல்மட்டத்தில் ஒத்துழைக்க முடிவு செய்தால் ஜனநாயகம் நிலைக்கும் என்பது அவர் கண்ட விடை. சமயப் பள்ளிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சமமான அரசு நிதி, ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை, விகிதாசாரத் தேர்தல் ஆகிய மூன்றையும் ஒரே பேரத்தில் தீர்த்துவைத்த 1917ஆம் ஆண்டு உடன்பாட்டில் இந்தப் பழக்கம் வேரூன்றியது என்று அவர் காட்டினார். இவ்வகை ஆட்சிக்கு அவர் இட்ட பெயரைத் தமிழில் ‘கூட்டிணக்க ஜனநாயகம்’ எனலாம். அவர் ஆல்மண்டை வீழ்த்திவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பிளவுண்ட பண்பாடு நிலையின்மையைத் தரும் என்ற விதியோடு, தலைவர்களின் நடத்தை என்னும் இரண்டாவது காரணியைச் சேர்த்து, விதி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதைத் துல்லியமாக்கினார். விலகல் நேர்வுக்கு உரிய பயன் இதுவே. இந்தப் பாதையை அவருக்கு முன்பே ஒரு நூல் காட்டியிருந்தது: அமைப்பு எதுவாயினும் இறுதியில் சிலர் கையில் சிக்கும் என்று ராபர்ட் மிஷெல்ஸ் 1911இல் வகுத்த விதிக்கு மாறாக, உள்கட்சி ஜனநாயகத்தோடு இயங்கிய அமெரிக்க அச்சுத் தொழிலாளர் சங்கத்தை செய்மர் மார்ட்டின் லிப்செட்டும் அவருடைய இரு துணையாசிரியர்களும் 1956இல் ஆராய்ந்தனர். லிப்செட்டின் தந்தை அதே சங்கத்தின் உறுப்பினர். பொருந்தாத நேர்வை முதலில் கண்டுகொள்பவர் பெரும்பாலும் அதற்குள் வாழ்ந்தவரே என்பதற்கு லிப்செட்டும் லைப்ஹார்ட்டும் இரண்டு சான்றுகள்.

லைப்ஹார்ட் 1971இல் எழுதிய முறையியல் கட்டுரை, ஒப்பாய்வாளரின் அடிப்படை இடர்ப்பாட்டை ஒரே தொடரில் அடக்கியது: மாறிகள் பல, நேர்வுகள் சில. மாறி என்பது நாட்டுக்கு நாடு அளவிலோ தன்மையிலோ வேறுபடும் எந்தக் கூறும், வருமானம், எழுத்தறிவு, சமயப் பிளவு, தேர்தல் முறை போன்றவை; இத்தகைய கூறுகள் நூற்றுக்கணக்கில் இருக்க, ஒப்பிடக் கிடைக்கும் நாடுகளோ விரல்விட்டு எண்ணத் தக்கவை என்பதால், எந்தக் கூறு விளைவைத் தந்தது என்று பிரித்தறிய வழியில்லாமல் போகிறது. இயன்றவரை ஒத்த நாடுகளையே எடுத்துக்கொள்வது அவர் பரிந்துரைத்த வழிகளில் ஒன்று. அதற்கு ஓராண்டு முன்னதாக ஆடம் பிஷெவோர்ஸ்கியும் ஹென்றி டியூனும் நேரெதிர் வழியை முன்வைத்திருந்தனர்: முற்றிலும் வேறுபட்ட நாடுகளை எடுத்துக்கொண்டு, அத்தனை வேறுபாட்டையும் மீறி எங்கும் ஒரே உறவு தென்பட்டால், நாட்டின் பெயரையே விளக்கத்திலிருந்து நீக்கிவிடலாம் என்றனர். ‘இந்தியா அப்படித்தான்’ என்று சொல்வது விளக்கமாகாது, இந்தியாவில் உள்ள எந்தக் கூறு அப்படிச் செய்கிறது என்று சொல்வதே விளக்கம் என்பது இதன் உட்கிடை. கடுமையான கோரிக்கைதான், எனினும் பொருந்தாத நாட்டை ‘அது தனி’ என்று ஒதுக்கும் சோம்பலுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

அதே 1970இல் இத்தாலிய அறிஞர் ஜொவான்னி சார்டோரி வேறொரு திசையிலிருந்து எச்சரித்தார். ஒரு சொல்லின் உட்பொருள் எவ்வளவு செறிவாக இருக்கிறதோ அவ்வளவு குறைவான நேர்வுகளுக்கே அது பொருந்தும். உட்பொருளில் சிலவற்றை வெளிப்படையாகக் கழித்துப் பொதுமையின் ஏணியில் ஒரு படி ஏறினால் அதிக நாடுகளை அடக்கலாம். அப்படி எதையும் கழிக்காமல் அதே சொல்லைப் புதிய நாடுகள்மீது போர்த்துவது சொல்லை இழுத்து நீட்டுவதாகும், நீட்டிய சொல்லால் அளந்தால் எல்லா நாடும் பொருந்திவிடும், ஆனால் எதுவும் அறியப்பட்டிருக்காது. விலகல் நேர்வை ஒதுக்கிவைப்பதைவிட இது பெரிய ஆபத்து. ஒதுக்கப்பட்ட நாட்டையாவது பின்னால் வருபவர் கண்டெடுக்க முடியும். நீட்டிய சொல்லுக்குள் மறைந்த நாடு கண்ணுக்கே தெரிவதில்லை.

சார்டோரி சொன்ன சிக்கல் ஏட்டளவில் நின்ற ஒன்றன்று என்பதைச் சென்னை மாநிலம் முன்கூட்டியே காட்டியிருந்தது. ஆல்மண்ட் 1960இல் விரித்துரைத்த திட்டத்தில், மக்களின் கோரிக்கைகளை அரசியலுக்குள் கொண்டுவரும் குழுக்கள் வகைப்படுத்தப்பட்டன. சாதி, குலம் போன்ற பிறப்புவழிக் குழுக்கள் ஒரு வகையிலும், உறுப்பினர் தாமே விரும்பிச் சேரும் சங்கங்கள் மற்றொரு வகையிலும் வைக்கப்பட்டன. நாடு நவீனமாக ஆக, முன்னது தேய்ந்து பின்னது வளரும் என்பதே அன்றைய நவீனமயமாதல் கோட்பாட்டின் பொது நம்பிக்கை. 1956-57இல் சென்னை மாநிலத்தில் கள ஆய்வு செய்த லாயிட் ருடால்ஃப், சூசன் ஹோபர் ருடால்ஃப் இணையர் கண்டது இரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்று: சாதிச் சங்கம். வன்னியர் சங்கத்தில் சேர வன்னியராகப் பிறந்திருக்க வேண்டும், ஆனால் பிறந்தால் மட்டும் போதாது. சேர வேண்டும், மாநாட்டுக்கு வர வேண்டும், பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அச்சமூகத்திலிருந்து எழுந்த இரண்டு கட்சிகள், எஸ். எஸ். ராமசாமி படையாட்சியின் உழைப்பாளர் கட்சியும் எம். ஏ. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சியும், 1952 சட்டமன்றத் தேர்தலில் முறையே 19 இடங்களையும் 6 இடங்களையும் வென்றன. 375 இடங்கள் கொண்ட அந்த அவையில் காங்கிரஸ் 152 இடங்களோடு பெரும்பான்மையின்றி நின்றதால், நாயக்கர் ராஜாஜி அமைச்சரவையிலும், படையாட்சி 1954இல் காமராஜர் அமைச்சரவையிலும் இடம்பெற்றனர். தேய வேண்டிய பழைமை, வாக்குச்சீட்டைக் கற்றுக்கொண்டு அமைச்சரவைக்குள் நுழைந்திருந்தது.

ருடால்ஃப் இணையர் இதைப் பழைய பெட்டிகளில் ஒன்றுக்குள் திணிக்கவில்லை. பிறப்பும் விருப்பமும் கலந்த இந்த வடிவத்துக்குத் தனிப்பெயர் இட்டு, மரபும் நவீனமும் ஒன்றையொன்று அழிக்கும் எதிரிகள் அல்ல என்று 1967இல் வெளிவந்த நூலில் வாதிட்டனர். அவர்கள் 1958இல் எழுதிய கட்டுரையும் முறையியலுக்கு இதே அளவு முக்கியமானது. கருத்து என்பது தனியாள் ஒருவரின் உடைமை, அதை அவரிடம் தனியே கேட்டுப் பெறலாம் என்பது அமெரிக்கக் கருத்துக்கணிப்பின் முற்கோள். குடும்பமும் ஊரும் சூழ்ந்திருக்க நடக்கும் தமிழகத்துக் களத்தில் அந்த முற்கோளே கேள்விக்குள்ளானதை அவர்கள் பதிவு செய்தனர். அமெரிக்கா, பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, மெக்சிகோ ஆகிய ஐந்து நாடுகளில் சுமார் 5,000 பேரிடம் வினாத்தாள் கொண்டு கேட்டு ஆல்மண்டும் சிட்னி வெர்பாவும் 1963இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வைப் படிப்பவர், இந்தக் கட்டுரையையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தியா முழுமையும் இதைவிடப் பெரிய விலகல் நேர்வு. லிப்செட் 1959இல், செல்வம், தொழில்மயம், நகரமயம், கல்வி ஆகியவை உயர்ந்த நாடுகளிலேயே ஜனநாயகம் நிலைக்கிறது என்று காட்டினார். மருத்துவர், தொலைபேசி, வானொலி, செய்தித்தாள் எண்ணிக்கைகளை அடுக்கிய அவருடைய அட்டவணைகள் ஐரோப்பிய, ஆங்கிலம் பேசும் நாடுகளோடும் லத்தீன் அமெரிக்காவோடும் நின்றன. இந்தியா அவற்றில் இல்லை. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 18 விழுக்காட்டை ஒட்டியிருந்த அந்நாட்டில், அப்போதே 17 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு வாக்குரிமை அளித்து முதல் பொதுத்தேர்தல் நடந்து முடிந்திருந்தது. வாக்காளர் எதையும் எழுதவோ முத்திரை குத்தவோ தேவையின்றி, ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி வைக்கப்பட்டு, வேண்டிய சின்னத்தின் பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும் என்று ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. எழுத்தறிவு ஜனநாயகத்துக்கு முன்நிபந்தனை என்ற விதியின் கண்ணில் படாமல் போனது இந்தப் பெட்டிகளின் வரிசை. பின்னர் பிஷெவோர்ஸ்கியும் ஃபெர்னாண்டோ லிமோஞ்சியும் 1950 முதல் 1990 வரை 135 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 1997இல் வெளியிட்ட கட்டுரை, லிப்செட்டின் விதியை இரண்டாகப் பிளந்தது: செல்வம் ஜனநாயகத்தைப் பிறப்பிக்கிறது என்பதற்குச் சான்று வலுவில்லை, பிறந்த ஜனநாயகம் செல்வ நாட்டில் பிழைத்திருக்கும் என்பதற்கே சான்று வலுவானது. 1970களின் நடுவில் அர்ஜென்டினா எட்டியிருந்த தனிநபர் வருமானமான 6,055 டாலரைத் தாண்டிய எந்த ஜனநாயகமும் அக்காலத்தில் வீழவில்லை. அந்த எல்லைக்கு மிகக் கீழே நின்று, 1975-77 நெருக்கடி நிலையையும் கடந்து, இந்தியா தேர்தலுக்குத் திரும்பியதை இந்த எண்ணால் விளக்க முடியாது.

இந்தப் புதிரை அவிழ்க்க முன்வந்தவர்களுள் லைப்ஹார்ட்டும் ஒருவர். பெருங்கூட்டணி, பண்பாட்டுத் தன்னாட்சி, விகிதாசாரப் பங்கீடு, சிறுபான்மையினரின் தடையுரிமை ஆகிய நான்கும் கூட்டிணக்க ஜனநாயகத்தின் இலக்கணம். எல்லாப் பிரிவினரையும் உள்ளடக்கிய நேரு காலத்துக் காங்கிரஸ், மொழிவாரி மாநிலங்கள், தனிநபர்ச் சட்டங்கள், இடஒதுக்கீடு ஆகியவற்றைக் காட்டி, இந்தியாவும் அந்த இலக்கணத்துக்குள் வருகிறது என்று 1996இல் அவர் எழுதினார். ஸ்டீவன் வில்கின்சன் போன்றோர் இதை மறுத்தனர்; மறுப்பே வலுவானது. டிரேஸின் அமைச்சரவை தனித்தனித் தூண்களின் கட்சிகள் பேரம் பேசிச் சேர்ந்தது. நேருவின் காங்கிரஸோ ஒரே கட்சி, அதனுள் இருந்த முஸ்லிம் தலைவர்கள் முஸ்லிம்களின் தனிக்கட்சி ஒன்றின் பிரதிநிதிகளாக வந்தவர்கள் அல்லர். இரண்டையும் ‘பெருங்கூட்டணி’ என்று அழைக்கும்போது சார்டோரி அஞ்சிய நீட்சி நிகழ்ந்துவிடுகிறது. ஆல்மண்டின் பெட்டிக்குள் தம் நாடு அடங்காததைக் கண்டு ஒரு கோட்பாட்டையே திருத்திய அறிஞர், 28 ஆண்டுகளுக்குப் பின் தம் சொந்தப் பெட்டிக்குள் இந்தியாவை அடக்க முயன்றது வருந்தத்தக்கது. ஆயினும் நெதர்லாந்து நூலின் மதிப்பை அது எள்ளளவும் குறைக்காது.

2011இல் ஆல்ஃபிரட் ஸ்டெபான், ஹுவான் லின்ஸ், யோகேந்திர யாதவ் மூவரும் வெளியிட்ட நூல் வேறு வழியை எடுத்தது. இந்தியாவை மொத்தமாக ஒரு பெட்டிக்குள் வைக்காமல், மில்லின் வேற்றுமை முறையை ஒட்டி, பாக் நீரிணையின் இரு கரையிலும் உள்ள தமிழரை அது அருகருகே நிறுத்தியது. விடுதலைக் காலத்தில் தனிநாட்டுக் கோரிக்கை ஒலித்தது சென்னை மாநிலத்தில். இலங்கைத் தமிழரிடையே அப்படி ஓர் இயக்கம் அப்போது இல்லை. அரை நூற்றாண்டில் நிலைமை தலைகீழானது. இந்தியா இந்தியைத் திணிப்பதில் பின்வாங்கி ஆங்கிலத்தைத் தொடரவிட்டது, திராவிட முன்னேற்றக் கழகம் 1963இல் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டு 1967இல் மாநில ஆட்சியைப் பிடித்தது. இலங்கை ஒரே மொழி, ஒரே தேசம் என்ற திசையில் நகர்ந்தது, 1976இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாட்டைக் கோரியது, 1983இல் வெடித்த போர் 2009 வரை நீண்டது. பிரிவினையைப் பண்பாடு தீர்மானிக்கவில்லை, அரசின் கொள்கை தீர்மானித்தது என்பது நூலாசிரியர்களின் முடிபு.

மில்லின் எச்சரிக்கை இங்கே மீண்டும் வந்து நிற்கிறது. இரண்டு நேர்வுகளும் கொள்கையில் மட்டும் வேறுபடவில்லை; இந்தியத் தமிழர் பல மொழிச் சமூகங்களுள் ஒன்று, அங்கே எந்த மொழியினரும் தனித்துப் பெரும்பான்மை அல்லர்; இலங்கையிலோ சிங்களர் மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், தமிழர் அவர்களுக்கு எதிரே நின்ற முதன்மைச் சிறுபான்மை. சிதறிய பன்மைச் சமூகங்களில் அரசு விட்டுக்கொடுப்பது எளிது, இரு பெரும் குழுக்கள் எதிரெதிர் நிற்கும் சமூகங்களில் கடினம் என்று டொனால்ட் ஹோரோவிட்ஸ் 1985இலேயே வாதிட்டிருந்தார். இந்த ஆட்சேபத்தால் ஒப்பீடு வீழ்ந்துவிடவில்லை, ஏனெனில் எண்ணிக்கை விகிதம் மாறாதிருந்த அதே இலங்கையில் 1957இல் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடிந்தது, அடுத்த ஆண்டே அது கைவிடவும் பட்டது. விகிதம் பாதையைக் கடினமாக்கியது, முடிவை எடுத்தவர்கள் மனிதர்கள்.

இலங்கையில் சிங்களத்தை ஒரே ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது; இந்தியாவில் மொழிவழியே மாநிலங்களைத் திருத்தியமைத்த சட்டம் அதே ஆண்டு நவம்பர் 1 முதல் செயல்பட்டது. அந்த ஆண்டில் வெளிவந்த ஆல்மண்டின் வகைப்பாட்டின்படி இரண்டு நாடுகளும் ஒரே பெட்டிக்குள் அடங்கின.